நடுராத்திரியில் நிற்கும் பஸ். பர்சைப் பதம் பார்க்கும் ஓட்டல்!

சென்னை,

ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவைப் பார்க்க கிளாம்பாக்கத்தில் இரவு பஸ் ஏறுகிறவர்களுக்கு விக்கிரவாண்டி பக்கம் ஒரு சோதனை காத்திருக்கிறது.

"பத்து நிமிஷம்தான், சாப்பிடுறவங்க இறங்குங்க" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். இறங்கினால் ரோட்டோரத்தில் ஒரே ஓட்டல். சுற்றிலும் இருட்டு. ஆறிப்போன தோசைக்கும் அவர்கள் சொல்வதுதான் விலை. குழந்தை பசியில் அழும்போது பேரமா பேச முடியும்?

அச்சடித்த விலை

உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டல்கள் தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதலாக வாங்கலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஆனால் வாசலில் உள்ள கடைக்கு இது பொருந்தாது. அங்கே தண்ணீர், பிஸ்கட் எதுவானாலும் அச்சடித்த விலைதான். ஒரு ரூபாய் கூடக் கேட்டாலும் பில் வாங்கிக்கொண்டு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கட்டுச்சோறு

வீட்டில் இருந்தே கட்டிக்கொண்டு போனால் இந்தத் தொல்லையே இல்லை. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்த புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இரண்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தாங்கும். சூட்டோடு மூடாமல் ஆறவைத்துக் கட்ட வேண்டும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம். பாதி வழியிலேயே ஊசிப்போகும்!