முந்தி எழுந்த நேம் சர்வர்

மூணாறு, கொழிஞ்சாம்பாறைத் தமிழ்வழிப் பள்ளிகள் உட்பட, கேரள அரசுப் பள்ளிக் கணினிகளில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். அத்தகைய கணினியொன்றில், இணையதளப் பெயரை எண் முகவரியாக்கித் தரும் நேம் சர்வர், கரண்ட் போய் வந்தபின் எழவில்லை. அதே சேவையைக் கையால் தொடங்கினால் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமைப்புக் கோப்பில் பிழை தேடுவது வீண். பிழை இருந்தால் இப்போதும் விழுந்திருக்கும். குற்றம் பெரும்பாலும் வரிசையில்தான்: நெட்வொர்க் கார்டுக்கு முகவரி கிடைக்குமுன்பே நிரல் எழுந்து, இல்லாத முகவரியில் கடை விரிக்கப் பார்க்கிறது. 30 நொடி தாமதித்தால் போதாதா என்பார்கள். இன்று போதும், ரவுட்டர் சோம்பும் நாளில் போதாது. நெட்வொர்க் தயாரான பிறகே தொடங்கு என்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியிடம் சொல்லிவைப்பதே மேல். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னோக்கிப் போயிருந்தால் கதை வேறு. நிரல் எழும், பதில்கள் உண்மையானவை எனக் காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பங்களைத்தான் ஏற்காது. நேரத்தைத் திருத்தும் சர்வரின் பெயரைக் கண்டறியவோ இதே நிரல்தான் வேண்டும்!