ராடாரின் எதிரே ஒரு டிரோன்

கொங்கு நாட்டில் இப்பொழுது கல்யாணம் என்றாலும் சரி, கோயில் தேர் என்றாலும் சரி, தலைக்கு மேலே வண்டுபோல் இரைந்துகொண்டு ஒரு டிரோன் படம் பிடிப்பதைக் காண்கிறோம். இயக்குபவரின் கையிலுள்ள பெட்டிக்கும் அதற்கும் இடையே பட்டத்தைப் போல நூல் கிடையாது. இருப்பது வானொலி அலை ஒன்றுதான். நூல் அறுந்த பட்டம் மரத்தில் சிக்கும். ஒரு கிலோ எடையும் நான்கு சுழல் விசிறிகளும் உள்ள பொறி, தேர் பார்க்கும் கூட்டத்தில் விழுந்தால்?

கோயமுத்தூரில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. பீளமேட்டில் விமான நிலையம். அதற்குக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் சூலூர் விமானப்படைத் தளம். போதாததற்குத் தெருவுக்குத் தெரு கைப்பேசிக் கோபுரங்கள்.

"டிரோனை இயக்கும் அலையின் அதிர்வெண் பெரும்பாலும் 2400 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. வானிலை ராடார் ஒன்றின் அதிர்வெண் ஏறத்தாழ 2800. இரண்டும் வேறு வேறாயிற்றே, எப்படிக் குழப்பும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஜமாப் மேளம் அடிக்கும் இடத்தில் பக்கத்திலிருப்பவர் காதோடு பேசினால் கேட்கிறதா? மேளத்தின் சுருதி வேறு, பேச்சின் சுருதி வேறு. ஆனாலும் காது திணறிப்போகிறது. டிரோனின் வாங்கிக் கருவியும் அப்படித்தான் திணறுகிறது. அதோடு, அலை முன்வாசலாகிய அலைக்கம்பத்தின் வழியாக மட்டும் நுழைவதில்லை. 2800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 சென்டிமீட்டர். அதில் பாதி நீளமுள்ள கம்பி எதுவும் அதற்கு நல்ல அலைக்கம்பம். டிரோனுக்குள் மோட்டாருக்கும் காமிராவுக்கும் போகும் கம்பிகள் பல அந்த அளவே இருக்கும்! அவற்றில் தூண்டப்படும் மின்னோட்டம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் சில்லுக்குப் பொய்க் கட்டளையாகப் போய்ச் சேரலாம்.

எவ்வளவு வலிமை? சூலூர் ராடாரின் எண்கள் நமக்கு வேண்டாம். அவை படையினருக்கு உரியவை. 2002இல் சென்னைத் துறைமுகப் பகுதியில் நிறுவப்பட்ட டாப்ளர் வானிலை ராடாரைக் கொள்வோம். அதன் உச்சத் திறன் 750 கிலோவாட். 8.5 மீட்டர் குறுக்களவுள்ள கிண்ணம் அதனை ஒரு பாகை அகலமே உள்ள கற்றையாகக் குவிக்கிறது. கணக்கிட்டால், இரண்டு கிலோமீட்டர் தொலைவில் கற்றையின் நடுவே மின்புல வலிமை மீட்டருக்குச் சுமார் 400 வோல்ட் வருகிறது. வீட்டு மின்னணுக் கருவிகளைச் சோதிக்கும் அளவோ மீட்டருக்கு 3 வோல்ட்தான்!

இங்கே ஒரு மயக்கம் உண்டு. ராடார் ஓயாமல் அலை வீசுவதில்லை. நொடியில் பத்து இலட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரமே நீடிக்கும் துடிப்புகளாக வீசுகிறது. ஆகவே சராசரித் திறன் ஒரு கிலோவாட் அளவே. சோறு சூடாவதற்குச் சராசரி போதும். சில்லு தடுமாறுவதற்கு ஒரு துடிப்பின் உச்சமே போதும்.

விமானம் மட்டும் எப்படித் தப்புகிறது? அதன் உலோக உடல் அலையைத் தடுக்கிறது. கருவிகளும் கடுமையாகச் சோதிக்கப்படுகின்றன. அப்படியும் 1984இல் மேற்கு ஜெர்மனியில், மியூனிக் அருகே ஹோல்ட்ஸ்கிர்ஷென் வானொலி பரப்பு நிலையத்தை நெருங்கிய டார்னடோ போர் விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. நிலையத்தின் அலைகளே காரணம் என்று கருதப்படுகிறது. டிரோனின் உடலோ பெரும்பாலும் பிளாஸ்டிக்.

கைப்பேசிக் கோபுரத்தின் திறன் இதற்கு முன் அற்பம். 20 வாட் ஊட்டப்படும் ஓர் அலைக்கம்பத்தின் நேர் எதிரே, 10 மீட்டரில், மீட்டருக்குச் சுமார் 17 வோல்ட்; 100 மீட்டரில் 1.7. தொலைவு பத்து மடங்கானால் புலம் பத்தில் ஒன்றாகிறது. ஆனால் இந்தக் கற்றை கிடையாக, கோபுர உயரத்தில் செல்வது. கீழே நிற்கும் நமக்குக் கிட்டாத அலை, மேலே ஏறும் டிரோனுக்கு முழுமையாகக் கிட்டுகிறது. தரையில் சோதித்தபோது ஒழுங்காக இருந்தது மேலே போனதும் தடுமாறுவது இதனால்தான். கோபுரத்தின் இரும்பு, டிரோனின் காந்தத் திசைகாட்டியையும் ஏமாற்றும். அலை அறுந்தால் தானே வீடு திரும்பும் ஏற்பாடு இருக்கிறதே என்றால், அதற்குத் திசைகாட்டி வேண்டும். 20,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களின் மிக மெல்லிய அலைகளும் வேண்டும்.

2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. சிங்காநல்லூரும் கணபதியும் இதற்குள் அடங்கும். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம். அதற்கப்பால் பச்சை மண்டலத்தில் 400 அடி. மண்டலங்களை அரசின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம். விமானத்துடன் மோதாமலிருக்க வகுத்த எல்லை இது, அலையிலிருந்தும் காக்கிறது. கைப்பேசிக் கோபுரத்தைச் சுற்றி அப்படி யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. அதை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்: 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் முதலில் ஆளில்லாத வெளியில் ஓர் ஆள் உயரத்துக்கு ஏற்றி, பிறகு சிறிது சிறிதாக உயர்த்திப் பாருங்கள். படம் துண்டு துண்டாக வந்தாலோ திசைகாட்டி எச்சரித்தாலோ மேலே ஏற்றாமல், வந்த வழியே பின்வாங்கி இறக்கிவிடுங்கள்.