கேரவன் ஏசிக்கு ஜெனரேட்டர்: ஓடுமா என்பது இரண்டாவது கேள்வி

இன்னைக்கு எபிசோட் எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ஆரம்பிச்சது.

நான் இருக்கிறது சிறுசேரி. எங்க பிளாக்ல ஒரு தம்பி, சிப்காட் ஐடி பார்க்கில் வேலை. பழைய டெம்போ டிராவலர் ஒண்ணு வாங்கி, சீட்டையெல்லாம் கழட்டிட்டு, உள்ளே கட்டில் போட்டு, சின்னதா ஒரு கேரவன் மாதிரி செஞ்சுக்கிட்டு இருக்கார். மே மாசம் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ராமேஸ்வரம் வரைக்கும் போகணும், ராத்திரி வண்டியிலேயே தூங்கணும். அதான் திட்டம்.

அவர் என்கிட்ட கேட்டது: "அண்ணா, ஒரு டன் ஏசிக்கு ரெண்டு கேவிஏ ஜெனரேட்டர் போதுமா? வண்டிக்கு அடியில ஒரு பெட்டி செஞ்சு, அதுக்குள்ள வச்சுடலாம்னு இருக்கேன்."

இதுல முதல் வரி வெறும் கணக்கு. ரெண்டாவது வரிதான் என்னைப் பயமுறுத்துச்சு. முதல்ல கணக்கை முடிச்சிடுவோம்.

சாதாரண ஒரு டன் ஏசி ஓடும்போது சுமார் 1,100 வாட் எடுக்கும். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 5 ஆம்பியர். அப்படின்னா ரெண்டு கேவிஏ தாராளமாப் போதும்னுதான் தோணும். ஆனா கம்ப்ரசர் கிளம்புற அந்த ஒரு நொடியில, ஓடுற கரண்டைப் போல நாலு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இழுக்கும். அதாவது 20 முதல் 30 ஆம்பியர். சின்ன ஜெனரேட்டர் அங்கேயே திணறும். வோல்டேஜ் விழும், கம்ப்ரசர் உறுமும், இல்லைன்னா ஜெனரேட்டரே டிரிப் ஆகும். வீட்டில் ஏசி ஓடும்போது நமக்கு இது தெரியறதில்லை, ஏன்னா பின்னாடி மொத்த மின்வாரியமும் நிக்குது.

இன்வெர்ட்டர் ஏசி வேற ரகம். அது மெதுவா வேகம் பிடிச்சுக் கிளம்பும், அந்த முதல் இழுப்பு கிடையாது. முக்கால் டன் அல்லது ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசியை, இன்வெர்ட்டர் வகை ரெண்டரை கேவிஏ ஜெனரேட்டர் நல்லபடியா ஓட்டும். மலிவான ஓப்பன் டைப் ஜெனரேட்டரைத் தவிர்த்துடுங்க. அதில் கரண்ட் ஏறி இறங்கும், ஏசியோட போர்டு தாங்காது. எதுவா இருந்தாலும் எழுதியிருக்கிற திறனில் 80 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து ஏத்தாதீங்க. நம்ம கத்திரி வெயில்ல எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும்.

சரி, கணக்கு முடிஞ்சது. இப்ப அந்தப் பெட்டி.

2024 டிசம்பர் 23. கேரளாவில், கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், நெடுஞ்சாலை ஓரமா நிறுத்தியிருந்த ஒரு கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தாங்க. மோதல் இல்லை, தீ இல்லை. காரணம் கார்பன் மோனாக்சைடு. கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் அந்த வண்டியிலேயே சோதனை செஞ்சு பார்த்தாங்க. ஏசிக்காக ஓடின ஜெனரேட்டரோட புகை, வண்டித் தளத்தில் இருந்த ஓட்டை வழியா உள்ளே வந்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. நம்ம ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமா ஒட்டிக்கும். காற்றில் 400 பிபிஎம் இருந்தா ஓரிரண்டு மணி நேரத்தில் தலைவலி. 800 பிபிஎம் இருந்தா ரெண்டு மூணு மணி நேரத்தில் உயிரே போயிடும். முழிச்சுக்கிட்டு இருக்கிறவருக்குத் தலை வலிக்கும், வெளியே வருவார். தூங்கிக்கிட்டு இருக்கிறவருக்கு அந்த வாய்ப்பு கிடைக்காமலே போகலாம்.

ஏசி இதை இன்னும் மோசமாக்குது. நிறைய பேர் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருதுன்னு நினைக்கிறாங்க. ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையேதான் சுத்திச் சுத்திக் குளிர வைக்கும். நாமும் குளிர் வெளியே போகக் கூடாதுன்னு ஜன்னலை இறுக்கமா மூடிடுவோம். உள்ளே வந்த புகைக்கு வெளியே போக வழியே இல்லை.

"சினிமாக்காரங்க கேரவன்ல கீழதானே அண்ணா வைக்கிறாங்க?"ன்னு கேட்டார் தம்பி. நியாயமான கேள்வி. வண்டிக்குள் பொருத்தறதுக்குன்னே செஞ்ச ஜெனரேட்டர்கள் இருக்கு. அதுக்குப் புகை வண்டிக்குள் கசியாத அறை, புகையைத் தூரமா கொண்டுபோற குழாய், எல்லாம் சேர்த்துத்தான் வடிவமைப்பாங்க. அதிலும் ஒரு ஓட்டை விழுந்தா ஆபத்துதான். கையில் தூக்கிட்டுப் போற ஜெனரேட்டர் திறந்தவெளிக்குன்னு செஞ்சது. அதைப் பெட்டிக்குள் அடைச்சா எஞ்சினும் சூடாகும், புகையும் தளத்துக்கு அடியிலேயே தங்கும்.

அதனால ஜெனரேட்டர் கீழே இறங்கணும். வண்டியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்க்கிற மாதிரி. கனமான நல்ல கேபிள், நடுவில் ஆர்சிசிபி, எர்த்திங். இதையெல்லாம் எலக்ட்ரீஷியன் ஒருத்தர் பார்க்கட்டும். பெட்ரோல் ஊத்துறதுக்கு முன்னாடி எஞ்சினை நிறுத்தி ஆற விடுங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொரு விஷயம். சாயங்காலம் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும். வண்டிக்கு மேற்கே ஜெனரேட்டரை வச்சா புகை தள்ளிப் போகும், நிம்மதியாப் படுத்துடுவீங்க. நடுராத்திரிக்கு மேல காற்று திரும்பி, தரையிலிருந்து கடலுக்கு வீசும். அதே புகை இப்ப உங்க ஜன்னலுக்கு வரும். அதனால பேட்டரியில் ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு படுக்கைக்குப் பக்கத்தில் கட்டாயம் இருக்கணும். புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது, அது வேற, இது வேற.

எல்லாம் சொல்லிட்டு நான் கொடுத்த யோசனை இதுதான்: தூங்கும்போது ஜெனரேட்டரே வேண்டாம். சாயங்காலம் எல்லாரும் முழிச்சிருக்கும்போது ஒரு மணி நேரம் ஓட்டி வண்டியை நல்லாக் குளிர வைங்க. கூரைக்கு உள்பக்கம் தெர்மல் ஷீட் ஒட்டி, நிழலில் நிறுத்துங்க. அதுக்கப்புறம் முக்கால் டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரியா 400, 500 வாட்டில் ஓடும். எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய நாலு யூனிட். 48 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் 4.8 யூனிட் இருக்கு. ராத்திரி ஓடிடும். லாட்ஜ் வாசலில் நிறுத்தினா, கேட்டு ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வாங்கிக்கலாம். அதுவும் இல்லைன்னா ஜன்னலைத் திறந்து, கொசுவலை கட்டி, ஒரு ஃபேன் போதும்.

பேட்டரி விலையைக் கேட்டதும் தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அப்புறம் அடிப்பெட்டிக்கு வரைஞ்சு வச்சிருந்த தாளை மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டார். போன வாரம் பார்த்தேன். வண்டிக்கு அடியில் பெட்டி இல்லை. தளத்தில் பழைய சீட் போல்ட் ஓட்டைகளை ஒண்ணொண்ணா அடைச்சுக்கிட்டு இருந்தார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.