பொத்தானுக்குள் ஒரு தீர்ப்பு

பிரிட்டிஷ் சர்க்காரின் இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பப் புகுகிறவர், பாஸ்போர்ட் இலாகாவை நாடினாலும் வாகன உரிம இலாகாவை நாடினாலும், அதே பச்சைப் பொத்தானையும் அதே எழுத்துருவையும் காண்பாரேயன்றி, இலாகாக்கள் பல, அவற்றுக்கு மென்பொருள் எழுதும் குழுக்களும் பல என்பதை உணர வேண்டிய அவசியமே அவருக்கு நேராது. இந்த ஒருமைக்கு ஆதாரமாக இருப்பது, பொத்தான், படிவக் கட்டம், பிழைச் செய்தி முதலிய உறுப்புகளை ஒரு முறை செவ்வையாகச் செய்து, எவரும் எடுத்தாளும்படி 2018-இல் அங்கே வெளியிடப்பட்ட டிசைன் சிஸ்டம்.

மென்பொருளை ஆயத்த உறுப்புகளால் ஆக்க வேண்டும் என்று 1968-லேயே ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய மகாநாட்டில் டக்ளஸ் மெக்கில்ராய் வற்புறுத்தினார். வலைப்பக்கங்களுக்கு அக்கருத்தைப் பொருத்திய பிராட் ஃப்ராஸ்ட், 2013-இல் அணு, மூலக்கூறு என்று ரசாயன நாமங்களைச் சூட்டினார். அழகான உபமானந்தான், ஆனால் அணுவை யாரும் சோதித்துத் திருத்துவதில்லை, பொத்தானையோ அப்படி விட முடியாது.

பிறந்த தேதி கேட்கும் இடத்தைப் பாருங்கள். நாட்காட்டியை விரித்துக் காட்டுவது கண்ணுக்கு நேர்த்தியாயினும், 1948-இல் பிறந்தவர் மாதம் மாதமாகப் பின்னோக்கி நடந்தால் எப்போது போய்ச் சேருவது? ஆகவே நாள், மாதம், ஆண்டு என்று மூன்று வெறுங் கட்டங்களே வைக்கப்பட்டன. நாளைத் தட்டி முடித்தவுடன் கர்சர் தானே அடுத்த கட்டத்துக்குத் தாவலாகாது என்பதும் விதி. தாவுமாயின், விசைப்பலகையை மட்டுமே கொண்டு வேலை செய்கிறவர் பழக்கப்படி டேப் விசையை அழுத்தி, மாதத்தைத் தாண்டி ஆண்டில் போய் நிற்பார். பொத்தானிலும் இத்தகைய சூட்சுமம் உண்டு: பதற்றத்தில் இரு முறை தட்டுவோர் பலர் என்று தெரியவந்தால், ஒரு வினாடிக்குள் விழும் இரண்டாம் தட்டலைப் புறக்கணிக்கும்படி அதை அமைத்துக்கொள்ளலாம்.

இம்முறையால் உழைப்பு மிச்சமாகிறது என்று சிலாகிப்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில் அது இரண்டாம் பட்சமே. மறுபடி மறுபடி பிரயோகமாவது நிரல் வரிகள் அல்ல, பயனர்களை வைத்துச் சோதித்து அடைந்த தீர்ப்பு.

ஆயினும் உறுப்பைத் திருத்திவிட்டால் எங்கும் உடனே திருந்திவிடும் என்பது பிரமை. பார்வை குன்றியோருக்கும் தெளிவாகத் தெரியும்பொருட்டு, தேர்ந்த கட்டத்தைக் காட்டும் ஆரஞ்சு நிறத்தை 2019-இல் மஞ்சளும் கறுப்புமாக மாற்றினார்கள். புதிய பதிப்பை ஒவ்வொரு குழுவும் தானே எடுத்துப் பொருத்த வேண்டியிருந்தமையால், பொருத்தாத பக்கங்களில் ஆரஞ்சே நீடித்தது.