வைத்தியநாதர் சந்நிதியில் ஒரு பல்வலி

கொள்ளிடத்தின் வடகரையிலே, திருமழபாடி என்னும் ஸ்தலத்தில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு வைத்தியநாதர் என்று திருநாமம். பங்குனி மாதத்தில் அங்கே நந்தி தேவருக்குக் கல்யாண உற்சவம் நடைபெறும். மாப்பிள்ளை திருவையாற்றிலிருந்து வந்து சுயசாம்பிகையைக் கைப்பிடிப்பார். அதைத் தரிசித்தவர்களுக்குச் சீக்கிரம் விவாகம் கைகூடும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. நமக்கு விவாகமாகி இருபது வருஷங்கள் கடந்துவிட்டபடியால் அந்தப் பலனை நாடி நாம் போகவில்லை. உறவினர் வீட்டு விருந்தை நாடித்தான் போனோம் என்பதை ஒளிப்பானேன்?

விருந்தில் முருங்கைக்காய்ச் சாம்பார். இடது கடைவாயின் கீழ் வரிசையில், இரண்டு பற்களுக்கு நடுவே ஒரு நார் சிக்கிக்கொண்டது. நாவினால் துழாவினோம், அசையவில்லை. ஈர்க்குச்சியால் குத்தினோம், ஈறு கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் கல்யாணப் பத்திரிகை ஒன்றின் மூலையை மடித்துச் செலுத்தவே, நார் வெளிப்பட்டது. வலி மட்டும் வெளியேற மறுத்துவிட்டது. வைத்தியநாதர் சந்நிதியில் நின்றுகொண்டே, ஊர் திரும்பியதும் தந்த வைத்தியரிடம் போவது என்று சங்கல்பம் செய்துகொண்டோம். அந்தச் சங்கல்பம் நிறைவேற எட்டு மாதங்கள் பிடித்தன!

பல் என்பது அற்பமான வஸ்து அன்று. அதன் மேற்பூச்சாகிய எனாமலில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தாதுப்பொருளே. மனித தேகத்தில் அதைவிடக் கடினமானது வேறில்லை. அரியலூர்ச் சீமையிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. அங்குள்ள கல்லமேடு என்னுமிடத்தில் கிடைத்த ஒரே ஒரு சிறு பல்லைக் கொண்டு, டைனோசர் இனங்களில் ட்ரூடான்டிட் என்னும் வகை இந்த மண்ணிலும் உலவியது என்று ஆராய்ச்சியாளர்கள் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஆறரைக் கோடி வருஷங்களுக்கு மேலாக மண்ணுக்குள் கிடந்தும் அழியாத பல், மனிதன் வாய்க்குள் ஐந்தாறு வருஷங்களில் குடைந்து போகிறதென்றால், குற்றம் பல்லின்மேல் இல்லையென்பது விளங்குகிறதல்லவா?

குற்றவாளி யார் என்று கண்டவர், ஜெர்மனியில் பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்னும் அமெரிக்கர். பிடுங்கிய பற்களை ரொட்டியும் உமிழ்நீரும் கலந்த கலவையிலே போட்டு வைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் மாவுப்பொருளைத் தின்று அமிலத்தைக் கக்க, அந்த அமிலத்தில் பல்லின் சுண்ணாம்புச் சத்துக் கரைந்தது. 1890-ல் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ரொட்டிக்குச் சொன்னது நம் அவலுக்கும் அதிரசத்துக்கும் பொருந்தும். சாப்பிட்ட பிறகு உமிழ்நீர் அமிலத்தை மெல்ல மெல்லத் தணித்துவிடும். ஆனால் பல்லிடுக்கில் உணவு தங்கிவிட்டால் உமிழ்நீர் அங்கே நுழைவதில்லை. கிருமிகளுக்கு ஓயாத சமாராதனைதான்.

எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. ஆகையால் அது கரையும் காலமெல்லாம் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதைக் கடந்து உட்பகுதியைத் தொட்டதும் ஐஸ் தண்ணீரும் தித்திப்பும் சுரீரென்கின்றன. அப்போது ஒரு சாதாரண அடைப்பே போதும். இன்னும் உள்ளே, நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பல்கூழை எட்டினாலோ, வீங்குவதற்கு இடமில்லாத அந்தக் கல்லறைக்குள் வீக்கம் உண்டாகிறது. சுடு காப்பி பட்டால் நெடுநேரம் வலிப்பதும், படுத்தவுடன் விண்விண் என்று தெறிப்பதும் அதன் அடையாளங்கள். உணவு சிக்கியபோது மட்டும் வலித்து, எடுத்தவுடன் ஓய்ந்துவிட்டால் ஈறு நசுங்கியதாக இருக்கலாம். என்றாலும் ஒரே இடுக்கில் தினமும் சிக்குகிறதென்றால் அங்கே சொத்தையோ, உடைந்த அடைப்போ, விலகிய பல்லோ இருக்கக்கூடும், பார்த்துவிடுவதே உத்தமம்.

பல்லில் புழு இருக்கிறதென்றும், கண்டங்கத்திரி விதையின் புகை பிடித்தால் அது விழுந்துவிடும் என்றும் நம் கிராமங்களில் சொல்வார்கள். இதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஐரோப்பியரும் குரோசாணி ஓம விதையைத் தணலிலிட்டு அப்படியே புகை பிடித்தவர்கள்தாம். சூட்டில் வெடித்து வெளிவந்த விதைமுளைகளே அவர்கள் கண்ணுக்குப் புழுவாய்த் தோன்றின. 1728-ல் பிரெஞ்சு வைத்தியர் பொஷார், பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் புழுவைக் காணோம் என்று எழுதிவிட்டார்.

நமது வகுப்பில் ஆறாம் படிவத்துப் பையன் ஒருவன் கன்னத்தில் கை வைத்தபடி நாலு நாள் உட்கார்ந்திருந்தான். வீட்டில் புகை பிடித்தாயிற்று, கிராம்புத் தைலமும் தடவியாயிற்று என்றான். கிராம்புத் தைலம் பல்லை மரக்கச் செய்யுமேயன்றிச் சொத்தையைத் தீர்க்காது. ஐந்தாம் நாள் பையன் வரவில்லை. போய்ப் பார்த்தால், தாடைக்கு அடியில் கழுத்து வரை வீக்கம். வாயைத் திறக்க முடியவில்லை. எச்சிலை விழுங்கவும் கஷ்டம். உடம்பு அனலாய்க் கொதித்தது. அவன் தாத்தா செங்கல்லைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, பல்லுவலிக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?” என்றார்.

“பெரியவரே, இது இப்போது பல்வலி இல்லை” என்று சொல்லி வண்டி அமர்த்தினோம். அரியலூர் ஸர்க்கார் ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே அழைத்துப் போனார்கள். பல்லடியில் பிறந்த சீழ் நாவின் அடிப்பக்கம் பரவினால் மூச்சுக் குழலையே அடைத்துவிடும் என்றும், இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கதை வேறு விதமாகியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். சொன்னவர் நம் முகத்தையும் பார்த்து, “உங்கள் கன்னத்தில் ஏன் கை?” என்று கேட்டார்!

மறு வாரமே நாமும் வாயைத் திறந்தோம். அடுத்தடுத்த இரண்டு பற்களின் நடுச்சுவர்கள் சொத்தை. ஒன்றை வேர் வரை சுத்தி செய்து உறை போட்டுக் காப்பாற்றினார்கள். மற்றொன்றைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. பங்குனியிலேயே வந்திருந்தால் இரண்டுக்கும் அடைப்பே போதுமாயிருந்திருக்கும் என்று கேட்டபோது, பல்லைவிட மனசுதான் அதிகம் வலித்தது.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லின் முகத்தைத் துலக்கும். இடுக்குக்குள் அவை புகமாட்டா. பிரஷும் அப்படியே. அதற்கு நூல்தான் வேண்டும். 1819-லேயே அமெரிக்கத் தந்த வைத்தியர் பார்ம்லி, மெழுகிட்ட பட்டு நூலைப் பல்லிடுக்கில் செலுத்தும்படி எழுதினார். இப்போது மருந்துக் கடைகளில் இதற்கென்றே நூல் விற்கிறார்கள். ஒரு முழம் எடுத்து, இரு நடுவிரல்களில் சுற்றி, வெடுக்கென்று அழுத்தாமல், ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக இறக்கிப் பல்லின் பக்கத்தை அணைத்து மேலும் கீழும் தேய்க்க வேண்டும். இராப்போஜனத்துக்குப் பின் ஒரு தரம் செய்தால் போதும். ஊக்கு, குண்டூசி, கல்யாணப் பத்திரிகை முதலியவற்றை அவற்றுக்கு உரிய காரியங்களுக்கே விட்டுவிடலாம்.

பையன் பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் வந்தான். தாத்தாவும் கூட வந்து, துண்டில் முடிந்திருந்த வறுத்த வேர்க்கடலையை நம் மேஜைமேல் அவிழ்த்து வைத்தார். மறுக்க மனம் வரவில்லை. வலப்பக்கமாகவே மென்றோம்.