பேலஸ் அரங்கமும் இரண்டு அணிகளும்

ஒன்பதாம் வகுப்பில் நகரமயமாதல் பற்றிப் பேசும்போது, ‘புறநகர்’ என்பதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை எடுத்துக்கொண்டேன். ஸ்மார்ட் போர்டில் ஒரு காணொலியும் காட்டினேன். பெரிய கூடைப்பந்து அரங்கம் ஒன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, அதன் கூரை சில நொடிகளில் தரையில் வந்து விழுகிறது. பையன்கள் கைதட்டினார்கள். எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடும் மாணவி ஒருத்தி மட்டும் எழுந்து, “இங்க யாரெல்லாம் விளையாடுனாங்க மிஸ்?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்தது ஓர் அணியின் பெயர்தான். அதைச் சொல்லி உட்கார வைத்தேன். வீட்டுக்குப் போய்ப் படித்தபோதுதான் அங்கே இன்னோர் அணியும் இருந்தது தெரிந்தது. உண்மையில் பாடமே அந்த இரண்டாவது அணியிடம்தான் இருந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளால் வளர்ந்த நகரம். 1950இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 18.5 லட்சம். 2010இல் 7.14 லட்சம். தொழிற்சாலைகள் இடம் மாறின, நெடுஞ்சாலைகள் வந்தன, வெள்ளையினக் குடும்பங்கள் பெருமளவில் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. மக்கள் போன திசையிலேயே விளையாட்டும் போனது. பிஸ்டன்ஸ் என்னும் ஆண்கள் கூடைப்பந்து அணி 1978இல் நகரத்தை விட்டு போன்டியாக் என்ற புறநகரின் சில்வர்டோம் மைதானத்துக்குச் சென்றது. அது கால்பந்துக்காகக் கட்டியது. அதன் துணிக் கூரையைக் காற்றழுத்தமே தாங்கி நின்றது. 1985இல் பனியின் பாரம் தாங்காமல் கூரை கிழிந்து இறங்க, அணி ஆட வேறு அரங்கம் தேட வேண்டியதாயிற்று.

பிறகு 1988இல், நகரின் மையத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, ஆபர்ன் ஹில்ஸ் என்னும் புறநகரில் ‘பேலஸ்’ திறக்கப்பட்டது. அரசுப் பணம் இல்லை; அணியின் உரிமையாளர் வில்லியம் டேவிட்சன் தனியார் பணத்தில் கட்டினார். 22,000 பேர் உட்காரலாம். நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும் தனி அறைகள் மட்டும் 180. அரங்கத்துக்கு வருமானம் தந்தவற்றில் இந்த அறைகள் முக்கியமானவை. புது அரங்கில் ஆடிய முதல் இரண்டு பருவங்களிலும், அதாவது 1989இலும் 1990இலும், பிஸ்டன்ஸ் பட்டம் வென்றது. மூன்றாவது பட்டம் 2004இல்.

இப்படிப்பட்ட அரங்கம் ஓர் அணியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. ஐஸ் ஹாக்கி அணி ஒன்றும் சில ஆண்டுகள் இங்கே ஆடியது. பனித்தளத்தின் மேல் காப்புப் பலகைகளைப் பரப்பி, அதன்மேல் மேப்பிள் மரத்தளத்தைத் துண்டு துண்டாக இணைத்தால் கூடைப்பந்துத் தளம் தயார். இசை நிகழ்ச்சி என்றால் அதையும் கழற்றி வைத்துவிடுவார்கள். வகுப்பில் பையன்கள் வாயைப் பிளந்து கேட்ட பகுதி இதுதான்.

இனி இரண்டாவது அணி. என்.பி.ஏ. எனப்படும் ஆண்கள் லீக் அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடியும். கோடையில் அரங்கங்கள் காலியாகக் கிடக்கும். 1997இல் ஆட்டங்களைத் தொடங்கிய பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அந்தக் கோடையில்தான் ஆடுகிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு பெண்கள் அணியும் அதே ஊரின் ஆண்கள் அணியோடு இணைந்தே இருந்தது. பேலஸுக்கு 1998இல் வந்த பெண்கள் அணியின் பெயர் டெட்ராய்ட் ஷாக். உரிமையாளர் அதே டேவிட்சன்.

வளையம் இருவருக்கும் அதே பத்து அடி உயரம். பெண்கள் பந்தின் சுற்றளவு ஓர் அங்குலம் குறைவு, ஆண்களுக்கு 29.5 அங்குலம், பெண்களுக்கு 28.5. (கணித ஆசிரியர்களுக்கு ஒரு கொசுறு: வளையத்தின் உள்விட்டம் 18 அங்குலம். பெண்களின் பந்து இரண்டைப் பக்கத்தில் பக்கமாக வைத்தால் வளையத்துக்குள் நுழையுமா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். விட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் 0.14 அங்குலத்தில்தான் தவறும்.)

2002இல் ஷாக் அணி 32 ஆட்டங்களில் 9ஐ மட்டுமே வென்றது. அந்தப் பருவத்தின் நடுவில், பிஸ்டன்ஸின் பழைய ஆட்டக்காரர் பில் லேம்பியர் பயிற்சியாளராக வந்தார். அடுத்த ஆண்டே கோப்பை. லாஸ் ஏஞ்சலஸ் அணியை 83–78 என்று வென்ற அந்தக் கடைசி ஆட்டத்துக்குப் பேலஸ் முழுவதும் நிரம்பியது. வந்தவர்கள் 22,076 பேர். பெண்கள் லீக்கில் அதுவரை எந்த ஆட்டத்துக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. பெண்கள் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது இந்த எண்ணைத்தான் சொல்கிறேன்.

2006இல் மீண்டும் இறுதிச்சுற்று. எதிரணி சேக்ரமென்டோ. நான்கு ஆட்டங்களில் இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை. ஐந்தாவது ஆட்டம் சொந்த ஊரில் நடக்க வேண்டும். ஆனால் அன்று பேலஸில் பாடகி மரியா கேரியின் இசை நிகழ்ச்சி! அணி டெட்ராய்ட் நகருக்குள் இருந்த ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குப் போய் ஆடி, 80–75 என்று வென்றது. 2008இலும் அதே கதை. பேலஸ் கிடைக்காததால் இப்சிலாண்டி என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழக அரங்கில் ஆடி மூன்றாவது பட்டத்தை வென்றார்கள். மூன்று கோப்பைகளில் இரண்டைச் சொந்த அரங்குக்கு வெளியே வாங்க நேர்ந்தது.

இதில் யாரையும் வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. காலி நாள்களில் ஆடுவதற்கென்று தொடங்கிய லீக் அது. காலியாக இல்லாத நாளில் அதற்கு இடமில்லை. கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

2009 மார்ச்சில் டேவிட்சன் காலமானார். அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும், ஆபர்ன் ஹில்ஸிலேயே தலைமையகம் கொண்ட கிரைஸ்லரும் திவால் நடவடிக்கைக்குப் போயின. அக்டோபரில் ஷாக் அணி ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகருக்கு மாற்றப்பட்டது. 2016இல் அங்கிருந்தும் கிளம்பி, பெயரையும் மாற்றிக்கொண்டு, டல்லாஸ் பகுதிக்குப் போனது. பிஸ்டன்ஸ் 2017இல் டெட்ராய்ட் நகரின் மையத்துக்கே திரும்பியது. காலியான பேலஸ் 2020 ஜூலையில் தகர்க்கப்பட்டது. அதுதான் நாங்கள் வகுப்பில் பார்த்த காணொலி.

இவ்வளவையும் மறு வாரம் வகுப்பில் சொன்னேன். “ஜெயிச்ச டீமை எதுக்கு மிஸ் அனுப்பினாங்க?” என்றாள் அதே மாணவி. நான் பொருளாதார மந்தம், உரிமையாளர் மாற்றம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். “நம்ம கிரவுண்டு மாதிரிதானா மிஸ்?” என்றாள். அன்று மாலை உடற்கல்வி ஆசிரியரோடு உட்கார்ந்து மைதானப் பயிற்சி அட்டவணையைப் பார்த்தேன். பையன்களுக்கு நாளும் நேரமும் போட்டிருந்தது. மாணவிகள் அணிக்கு எதிரே ‘மைதானம் காலியாக இருக்கும்போது’ என்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. இப்போது செவ்வாயும் வியாழனும் மாலை நாலரை முதல் மாணவிகளுக்கு. ஆண்டு விழா ஒத்திகை வந்தாலும் அந்த நேரத்தைத் தொடுவதில்லை என்று பேசி முடித்திருக்கிறோம்.

இந்தப் பாடத்தை நீங்கள் எடுப்பதாக இருந்தால், அமெரிக்க வரைபடத்தில் இரு அணிகளின் பயணத்தையும் இரண்டு நிறங்களில் வரையச் சொல்லுங்கள். ஆண்கள் அணியின் கோடு டெட்ராய்ட்டில் கிளம்பி, போன்டியாக், ஆபர்ன் ஹில்ஸ் என்று சுற்றி டெட்ராய்ட்டுக்கே வந்து சேரும். பெண்கள் அணியின் கோடு டல்லாஸில் நின்றுவிடும். 2029 முதல் டெட்ராய்ட்டுக்குப் புதிதாக ஒரு பெண்கள் அணி வரும் என்று 2025 ஜூனில் லீக் அறிவித்திருக்கிறது. எங்கள் வகுப்பு வரைபடத்தில் அந்த ஆண்டைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறோம்.