பல்லிக்கு வேண்டியது வெளிச்சமா, வெப்பமா?

எட்டாம் வகுப்பில் வெப்பம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சார், செல்போன் வீடியோவுல பல்லியைக் கண்ணாடித் தொட்டியில வளர்க்குறாங்க. ராத்திரியிலயும் சிவப்பு பல்பு எரியுதே, ஏன்?" அடுத்த நாளே இன்னொருவன் தண்ணீர் பாட்டிலில் ஒரு சுவர்ப்பல்லியை அடைத்துக் கொண்டுவந்துவிட்டான். கேள்விக்கு விடை சொல்வதும் பாட்டிலில் இருந்த உயிரைக் காப்பதும் ஒரே பாடமாயின.

வீடியோவில் இருந்தது சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களில் வாழ்வது. பல்லி தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, சுற்றுப்புறத்திலிருந்து பெறும். போதிய வெப்பம் இல்லாவிட்டால் தின்ற பூச்சி செரிக்காது. ஆகவே குளிர்நாடுகளில் தொட்டியின் ஒரு பக்கத்துத் தரையை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். மறுபக்கத்தை 25 டிகிரி அளவில் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் இருக்கும். எங்கே இருப்பது என்பதைப் பல்லியே தேர்ந்துகொள்ளும். சூடு மிகாமல் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும்.

இதிலேயே நம் பாடம் முழுவதும் இருக்கிறது. அடியில் வைக்கும் சூடேற்றும் பாய் தருவது வெப்பக்கடத்தல். மேலே தொங்கும் விளக்கு தருவது வெப்பக்கதிர்வீச்சு. ஒளியே இல்லாமல் அகச்சிவப்புக் கதிரை மட்டும் தரும் பீங்கான் சூடேற்றியும் உண்டு. வெப்பமும் வெளிச்சமும் வேறு வேறு என்று மாணவர்களுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

வெளிச்சத்துக்கு வருவோம். இரவில் உலவும் பல்லிக்கும் பகல், இரவு என்ற ஒழுங்கு வேண்டும். பகலில் ஏறத்தாழ 12 மணி நேரம் மிதமான ஒளி, இரவில் இருட்டு. இரவுப் பல்லியின் கண் சாதாரணமானதல்ல. மங்கிய நிலவொளியில் நாம் நிறம் காண முடியாது. ஆனால் ஒருவகை இரவுப் பல்லி அந்த ஒளியிலும் நிறங்களைப் பிரித்தறிகிறது என்று 2004இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட கண்ணுக்கு இரவு முழுதும் எரியும் பல்பு தொல்லைதான், அது சிவப்பாக இருந்தாலும். அறை 20 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் பொதுவாக இரவில் சூடேற்றவும் தேவையில்லை.

சிலமலை போன்ற அடிவார ஊரில் கோடையில் கவலையே வேறு. இங்கே பல்லிக்குக் கிடைக்காமல் போவது சூடல்ல, ஒதுங்கக் குளிர்ந்த இடம். வெயில் படும் கண்ணாடித் தொட்டியோ பாட்டிலோ சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். சுவரில் இருக்கும் பல்லி விரிசலுக்குள் நகர்ந்து தப்பும்; பாட்டிலில் இருப்பது எங்கே போகும்? இந்தக் கேள்வியைக் கேட்டதும் அந்த மாணவனே வெளியே ஓடிப்போய் மூடியைத் திறந்துவிட்டான்.

பிடிக்காமலே படிக்க ஒரு செயல்பாடு செய்தோம். பொழுது சாய்ந்தபின் வீட்டின் மேற்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் தொட்டுப் பார்த்து, எது சூடாக இருக்கிறது, எதில் எத்தனை பல்லிகள் என்று ஒரு வாரம் குறிக்க வேண்டும். எல்.இ.டி. விளக்கருகே உள்ளவற்றைத் தனியாக எண்ண வேண்டும். அந்த விளக்கில் சூடு மிகக் குறைவு. பிறகு பல்லி ஏன் அங்கே வருகிறது? பூச்சிக்காக என்ற விடையைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

நம் மலைகளிலும் அரிய பல்லிகள் உண்டு. 2019இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அறிவிக்கப்பட்ட புதிய இனங்களில் ஒன்றுக்கு நம் மேகமலையின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் இவற்றைப் பார்க்கக்கூடும். பார்க்கட்டும், வரையட்டும், குறித்துவைக்கட்டும். பிடித்து அடைக்க வேண்டாம் என்பதைப் பாடத்தோடு சேர்த்தே சொல்லிவிடுவோம்.